வாய்வு என்று சொல்லி வாழ்வைப் போக்கலாமா?

தோட்டத்தில் வயிற்றுக் கோளாறு என்றால் நமக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான்: வாய்வு! வயிறு உப்பினால் வாய்வு, நெஞ்சை அடைத்தால் வாய்வு, இடுப்பைப் பிடித்தாலும் வாய்வு. கொஞ்சம் ஓமத் தண்ணீர், தொப்புளைச் சுற்றிக் கோடாலித் தைலம், இராத்திரிக்கு ஒரு மிளகு ரசம். விடிந்தால் பெரட்டுக்குப் போயாக வேண்டுமே! "ஒண்ணுமில்லே, சும்மா வாய்வுதான், தன்னால சரியாப் போயிடும்" என்பதோடு பேச்சு முடிந்து விடுகிறது.

பெரும்பாலான நேரங்களில் அது உண்மையிலேயே வாய்வுதான். இரண்டு நாளில் சரியாகவும் போய்விடுகிறது. அதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. சரியாகப் போகாத வயிற்றைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடியும் இறங்காத உப்புசத்தைப் பற்றி. அதற்குள்ளே சூலகப் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்பதைப் பற்றி.

"இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள், அண்ணன்மார்களே! உங்கள் தாய்க்கும் தாரத்துக்கும் மகளுக்கும் உள்ள வயிறு இது. நீங்களும் படிக்க வேண்டும். சொல்லப் போனால், நீங்கள்தான் முதலில் படிக்க வேண்டும்.

மறைவிடத்தில் வளரும் நோய்

கருப்பையின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாகச் சூலகங்கள் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் முட்டைப்பை என்பார்கள். ஆஸ்பத்திரியில் ஓவரி என்பார்கள். அளவில் ஒரு கொட்டைப்பாக்கு, அவ்வளவுதான். பெண் கருத்தரிப்பதற்கான முட்டை இங்கிருந்துதான் வருகிறது. இது இடுப்பு எலும்புக்குள் ஆழத்தில் இருப்பதால், மார்பில் வரும் கட்டியைப் போலக் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்படாது. ஓரளவு பெரிதான பிறகுதான் ஆளுக்கே தெரியும்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சத்து 24 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் கண்டது. அதே ஆண்டில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதற்குப் பலியானார்கள். மலேசியப் பெண்களைத் தாக்கும் முதல் பத்துப் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. ஆகவே, "இதெல்லாம் வெள்ளைக்காரிக்கு வர்ற நோவு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நோய் சூலகத்தோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால், பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். வயிற்றையும் தாண்டித் தொலைவுக்குப் பரவிய பிறகு என்றால் பத்தில் மூன்று பேர்தான். இது அமெரிக்காவில் எடுத்த கணக்கு. அங்கேயே பெரும்பாலான பெண்களுக்கு நோய் பரவிய பிறகுதான் தெரிய வருகிறது என்றால், டாக்டரைப் பார்க்கப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும் என்று அஞ்சுகிற நம் பெண்களின் நிலை என்ன?

நான்கு அறிகுறிகள்

ஒரு காலத்தில் இதை ஓசையில்லாமல் கொல்லும் நோய் என்றே டாக்டர்கள் எழுதி வந்தார்கள். அது சரியில்லை என்று இப்போது தெரிந்து விட்டது. ஓசை உண்டு, மெல்லிய ஓசை. நாம்தான் காது கொடுப்பதில்லை.

முதலாவது, வயிறு உப்பிக்கொண்டே இருப்பது. சாப்பிட்ட பிறகு உப்பி, காலையில் வற்றிப் போவது வாய்வு. நாள்பட்டு வற்றாமல், கைலி சுருக்குப் பத்தாமல் போனால் அதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்து விடுவது. பசி எடுக்காமல் போவது.

மூன்றாவது, அடிவயிற்றிலோ இடுப்புக் கூட்டிலோ விட்டு விட்டு வரும் வலி.

நான்காவது, அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓடுவது. அல்லது அடக்க முடியாத அவசரம்.

இவற்றோடு காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, தீராத அசதி, மலம் போகும் வழக்கம் மாறுவது ஆகியவையும் சேரலாம். தீட்டு நின்று போன பிறகு மறுபடியும் இரத்தம் பட்டால், அது எந்தக் காரணத்தினால் என்றாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

இனி, நம் பெண்கள் இந்த நான்கையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பாருங்கள். இடுப்பு வலியா? "அந்தக் காலத்துல காண்டா வாளி தூக்குன இடுப்பு, வலிக்காம என்ன செய்யும்?" அடிக்கடி சிறுநீரா? "எனக்குத்தான் இனிப்பு நீர் இருக்கே!" சாப்பாடு இறங்கவில்லையா? "வயசாச்சில்லே!" வயிறு பெருத்து விட்டதா? "உக்காந்து தின்னா சதை போடாதா?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கையில் தயாராக இருக்கிறது. நான்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை. உடம்பு இளைக்க வயிறு மட்டும் பெருத்தால் அது சதையல்ல. உள்ளே நீர் கட்டியிருக்கலாம் என்று யார் எடுத்துச் சொல்வது?

காலண்டரில் ஒரு கோடு

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. செலவே இல்லாத வழி. வீட்டுச் சுவரில் தமிழ்க் காலண்டர் தொங்குகிறதல்லவா? வயிறு உப்பிய நாளில், வலித்த நாளில், சாப்பாடு இறங்காத நாளில் அந்தத் தேதியின் மேல் ஒரு கோடு போடுங்கள். மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு கோட்டுக்கு மேல் இருந்தால், அதுவும் இந்தத் தொல்லை அண்மையில் புதிதாகத் தொடங்கியது என்றால், கிளினிக்குக்குப் போயே ஆக வேண்டும். இந்தப் பன்னிரண்டு நாள் கணக்கு நாம் இட்டுக் கட்டியதல்ல. இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டில் டாக்டர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களை இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

பன்னிரண்டு கோடு விழுந்து விட்டால் புற்றுநோய் என்று அர்த்தமல்ல. பதறக் கூடாது. சூலகத்தில் வரும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள். பல தாமாகவே கரைந்து விடும். ஆனால் எது சாதாரணம், எது அசாதாரணம் என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டு அக்காவும் அல்ல, பாசாரில் லேகியம் விற்பவரும் அல்ல.

"பாப் ஸ்மியர் எடுத்தாச்சே!"

நம் பெண்களிடம் ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. "போன வருஷம்தான் கிளினிக்ல பாப் ஸ்மியர் எடுத்தேன், எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்கிறார்கள். நல்ல காரியம், தொடர்ந்து செய்யுங்கள். ஆனால் அது கருப்பை வாயைப் பார்க்கும் பரிசோதனை. அதற்கும் சூலகத்துக்கும் சம்பந்தமில்லை. 2010 முதல் பள்ளிக்கூடத்தில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போட்டு வரும் ஊசியும் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கத்தான். வாசலைப் பார்த்து விட்டு வந்தவர் அடுப்பங்கரையைப் பற்றிச் சொல்ல முடியுமா?

அப்படியானால் சூலகத்துக்கென்று எல்லாப் பெண்களுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை ஏதாவது சோதனை செய்யலாமே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்து அதையும் செய்து பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் இரத்தமும் ஸ்கேனும் பார்த்தார்கள், மற்றவர்களுக்குப் பார்க்கவில்லை. 2021-ஆம் ஆண்டில் முடிவு வந்தது. சோதனை செய்ததால் சாவு குறையவில்லை. ஆகவே, நோய்க்குறி இல்லாத பெண்களுக்கெல்லாம் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி டாக்டர்கள் பரிந்துரைப்பதில்லை. தனியார் நிலையங்கள் விற்கும் பெரிய பெரிய இரத்தச் சோதனைக் கட்டுகளுக்குப் பணத்தைக் கொட்டுமுன் இதை நினைவில் வையுங்கள்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? இந்த நோய்க்கு இப்போதைக்கு முதல் காவலாளி அந்தப் பெண்தான். அவள் உடம்பு சொல்வதை அவள் கேட்க வேண்டும்; அவள் சொல்வதை வீடு கேட்க வேண்டும்; வீடு சொல்வதைக் கிளினிக் கேட்க வேண்டும்.

யாருக்கு ஆபத்து கூடுதல்?

வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. பெரும்பாலும் தீட்டு நின்ற பிறகே வருகிறது. ஆனாலும் இளம் பெண்களுக்கு வரவே வராது என்று எழுதி வைக்க முடியாது. பிள்ளையே பெறாதவர்கள், உடல் பருமன் மிகுந்தவர்கள், கருப்பையின் உள் சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்குக் கொஞ்சம் கூடுதல். பிள்ளை பெற்றுப் பால் கொடுத்தவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கொஞ்சம் குறைவு. கொஞ்சம் குறைவு என்றுதான் சொன்னோம், "ஆறு பிள்ளை பெத்தவளுக்கு எங்கேயிருந்து வரும்?" என்று இருந்து விடக் கூடாது.

முகத்துக்குப் போடும் பவுடரைத் தொடைக்கும் மறைவிடத்துக்கும் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுக் கிளை 2024-ஆம் ஆண்டில் டால்க் பவுடரைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று கருதப்படும் பொருட்களின் வரிசையில் சேர்த்தது. மறைவிடத்துக்குப் பவுடர் தேவையில்லை. விட்டு விடுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரியது குடும்ப வழி. பிராக்கா ஒன்று, பிராக்கா இரண்டு என்று இரண்டு மரபணுக்கள். 1994, 1995-ஆம் ஆண்டுகளில் கண்டுபிடித்தார்கள். அவற்றில் பழுது உள்ள பெண்களுக்குச் சூலகப் புற்றுநோயும் மார்புப் புற்றுநோயும் வரும் ஆபத்து மிக அதிகம். பொதுவாக நூறு பெண்களில் ஒருவர் அளவுக்குச் சூலகப் புற்றுநோய் வரும் என்றால், முதல் மரபணுவில் பழுது உள்ள நூறு பேரில் சுமார் நாற்பது பேருக்கு வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதுவும் தாய் வழியில் மட்டுமல்ல. தகப்பன் வழியிலும் வரும். ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி இந்தப் பழுது தமக்கு இருப்பது தெரிந்து 2015-ஆம் ஆண்டில் சூலகங்களை எடுத்து விட்டதாக வெளிப்படையாகவே எழுதினார். அவருடைய தாயார் புற்றுநோயால் 56 வயதில் காலமானவர்.

நம் குடும்பங்களில் அப்படி வெளிப்படையாகப் பேசுகிறோமா? "பெரிய அத்தை எப்படிச் செத்தாங்க?" என்று கேட்டால், "வயித்துல கட்டி" என்பதற்கு மேல் பதில் வராது. சிலர் செய்வினை என்று சொல்லி முடித்து விடுவார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்று நோயின் பெயரையே மறைப்பவர்களும் உண்டு. தோட்டம் விட்டுத் தோட்டம் சிதறிப் போன குடும்பங்களில் யாருக்கு என்ன வந்தது என்பதே தெரிவதில்லை. அடுத்த திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ சொந்தங்கள் கூடும்போது கேட்டு எழுதி வையுங்கள். அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் யாருக்கு மார்பில், யாருக்கு வயிற்றில், எந்த வயதில் என்று. அந்தச் சிறு தாளைக் கிளினிக்கில் காட்டினால் டாக்டருக்கு அது பெரிய உதவி.

கிளினிக்கில் என்ன நடக்கும்?

அரசாங்கக் கிளினிக் கேசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அங்கிருந்து கடிதத்தோடு ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்குப் போனால் 5 வெள்ளி. டாக்டரிடம் "வயித்து வலி" என்று மட்டும் சொல்லி மாத்திரையோடு திரும்பாதீர்கள். காலண்டரைக் காட்டுங்கள். "பெருட் கெம்போங், சுடா டுவா புலான்" என்று நாளைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்ப்பார். உள் பரிசோதனையும் செய்யலாம். கூச்சமாக இருந்தால் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். தாதி ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். இதில் வெட்கத்துக்கு இடமில்லை. அடுத்து, சிஏ 125 என்ற இரத்தச் சோதனை. அளவு 35 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்துச் சூலகத்தை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று: தீட்டு நாட்களிலும், கருப்பைக் கட்டியாலும், கர்ப்பத்தாலும் இந்த அளவு கூடும். அதே போல ஆரம்ப நிலைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அளவு சாதாரணமாகவே இருக்கும். ஆகவே, இரத்தம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் தொல்லை நிற்கவில்லை என்றால் திரும்பப் போக வேண்டும்.

ஸ்கேனில் சந்தேகம் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். சிடி ஸ்கேன் எடுப்பார்கள். கட்டியை எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்த்த பிறகே புற்றுநோய் என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஆபரேஷனும் கீமோ மருந்தும்தான் முக்கிய வைத்தியம். அறிகுறி தெரியும்போதே சிலருக்கு நோய் பரவியிருக்கலாம். அப்போதும், உடம்பில் தெம்பு இருக்கும்போது ஆபரேஷன் செய்தால் கட்டியை முழுமையாக எடுக்க வாய்ப்பு கூடுதல். "கத்தி பட்டா பரவிடும்" என்று பயந்து ஓடியவர்களின் கதை நமக்குத் தெரியும். கத்தியால் போனவர்களை விட அந்தப் பயத்தால் போனவர்களே அதிகம் என்பது நம் கருத்து.

மருந்தகத்திலோ கிளினிக்கிலோ ஒரே தொல்லைக்கு மூன்றாவது முறையும் வாய்வு மாத்திரையே கொடுத்தால், பேசாமல் வாங்கிக்கொண்டு வராதீர்கள். "சூராட் ருஜுக்கான் வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும்" என்று மரியாதையாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். அது பிச்சையல்ல, உரிமை.

ஒரு நாள் சம்பளமா, ஒரு உயிரா?

இங்கேதான் நம் பெண்கள் தடுக்கி விழுகிறார்கள். கிளினிக்குக்கு ஒரு நாள், இரத்தத்துக்கு ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், முடிவு கேட்க ஒரு நாள். சில இடங்களில் எம்.சி. கொடுக்காமல் நேரச் சீட்டு மட்டும் கொடுப்பதும் உண்டு. நாள் சம்பளக்காரிக்கு நான்கு நாள் கூலி போனால் அடுப்பு எப்படி எரியும்? பஸ்ஸும் இல்லாத தோட்டம் என்றால் வாடகைக் காடிக்கு வேறு செலவு.

சட்டம் சொல்வதைத் தெரிந்து கொள்ளுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட வேலைக்கு ஆண்டில் 14 நாள், ஐந்து ஆண்டுக்கு உட்பட்டதற்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். 2023 முதல் இது அந்தச் சாதாரண விடுப்புக்கு மேலாகத் தனியாகக் கணக்கிடப்படுகிறது. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்து விட வேண்டும், மறந்து விடாதீர்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2019-இல் தொடங்கிய பீக்கா பி40 திட்டத்தில் புற்றுநோய் வைத்தியத்துக்கும் போக்குவரத்துக்கும் உதவித்தொகை வைத்தார்கள். நமக்குக் கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். வேலையே செய்ய முடியாமல் போனவர்கள் சொக்சோவின் இயலாமை பென்ஷனுக்கும் விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் கேட்ட பரிசோதனைக்குப் போகிற நாளை, நேரச் சீட்டு என்றாலும், சம்பள நாளாகக் கணக்கிட்டால் கம்பெனி கவிழ்ந்து விடுமா? ஆஸ்பத்திரி நாளுக்கு ஒரு வண்டி விட்டால் என்ன குறைந்து விடும்? தொழிற்சங்கம் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதை ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று நாம் சொல்கிறோம். நம்மோடு உரம் போடும் இந்தோனேசியச் சகோதரிகளையும் மறந்து விடக் கூடாது. வெளிநாட்டவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டணம் பல மடங்கு. அவர்களுக்கும் வயிறு உண்டு. அதில் வலியும் உண்டு.

கோயில் மண்டபத்தில் மாதர்கள் கூடும் நாளில் அரை மணி நேரம் ஒரு தாதியை அழைத்துப் பேச வைக்கலாம். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போய் விட்ட குடும்பங்களும் அங்கேயே இதைச் செய்யலாம். கணவன்மார்களே, பிள்ளைகளே! அம்மா தட்டில் சோற்றை ஒதுக்கி வைப்பது எத்தனை நாளாக என்று கொஞ்சம் கவனியுங்கள். "சாப்பிடும்மா" என்று அதட்டுவதோடு நிற்காமல், "ஏன் இறங்கலே?" என்று கேளுங்கள். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவரைக் கிளினிக்கில் உட்கார வையுங்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் எந்த வாய்வும் வாய்வல்ல. டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை அதற்குப் பெயர் வைக்க நமக்கு உரிமையில்லை!